அத்தையின் பரமபதப் பலகைகள்

நம் வயதுக்காரர்களுக்குப் பரமபதம் என்றால் கண் முன்னால் வருவது தரையில் கிடக்கும் பலகைதான். அதைச் சுற்றி நாலு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்கும். பெரிய பாம்பிடம் கடி வாங்கியவர் கட்டையைக் குற்றம் சொல்வார். இப்போது அந்தப் பலகை சுவரில் ஏறிவிட்டது. குற்றாலத்துப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் விடுதிகளில் பாருங்கள், கல்யாண மண்டபத்து முன்கூடங்களில் பாருங்கள், மேலே சின்ன பல்பு எரிய, கண்ணாடிக்குள் நிமிர்ந்து நிற்கிறது. யாரும் அதில் காய் வைப்பதில்லை. என் சம்பந்தி வீட்டு ஹாலில்கூட ஒன்று மாட்டியிருக்கிறார்கள். "ஆன்டிக் பீஸ், தொடாதப்பா" என்று என் பேரனை விரட்டினார் சம்பந்தி.

அவர் வீட்டுப் பலகையைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் அப்படி ஒன்றைச் சுவரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாங்கள் சங்கரன்கோவிலில் இருந்த ஒரு கோடைக்காலம் ஞாபகம் வருகிறது. முழுப்பரீட்சை விடுமுறையில் தொடங்கி ஆடித் தபசுத் திருவிழாவோடு முடிந்த காலம் அது. நான் ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்தேன்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. எனக்கு ஒரே அத்தை. ராயகிரியில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த விடுமுறையில் ஒருநாள் முற்பகலில், ஒரு தகரப் பெட்டியும் வயர் கூடையுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூட யாரும் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பின்கட்டுதான் அப்பாவின் தறிக்கூடம். இரண்டு விசைத்தறிகள் ஓடும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்ததால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கத்திப் பேசித்தான் பழக்கம். 'தண்ணி கொண்டா' என்பதையே சண்டை போடுவது மாதிரிதான் சொல்லுவோம். கரண்ட் போனால் மட்டும் திடீரென்று காதுக்குள் பஞ்சை அடைத்தது போல் வீடு அமைதியாகிவிடும். முக்கியமான பேச்செல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். அன்றும் கரண்ட் போனதும் அப்பா கையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார்.

"எப்பம் திரும்பணும்?"

"திரும்பல அண்ணே."

"திரும்பலன்னா என்ன அர்த்தம்?"

"திரும்பலன்னுதான் அர்த்தம்."

அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், "மொதல்ல சாப்புடட்டும்" என்றாள். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

தெருவில் அத்தையைப் பற்றி இரண்டு பேச்சு இருந்தது. பிள்ளை இல்லாத ஏக்கத்தில் புறப்பட்டு வந்துவிட்டாள் என்று ஒன்று. வாய்க்கொழுப்பு தாங்காமல் புருஷன் விரட்டிவிட்டான் என்று மற்றொன்று. எனக்கு இரண்டாவது பேச்சு விளங்கவே இல்லை. எங்கள் வீட்டிலேயே மெதுவாகப் பேசுகிற ஆள் அத்தை ஒருத்திதான். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. சோறு பிசையும்போதும் தலை பின்னும்போதும் அது மட்டும் தனியாக விறைத்துக்கொண்டு நிற்கும். ராயகிரி வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது ஆனது என்று சொல்லிவைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு வேலையும் இல்லை. அம்மா செய்கிற வேலையில் கை வைத்தால், "நீ இரு, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாங்கிக்கொள்வாள். அம்மாவுக்கு அத்தையைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனிப்பார்கள் என்று சொல்வதெல்லாம் சும்மா. நான் பாதியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

ஒருநாள் மச்சைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறிய அத்தை, அங்கே மொச்சைப் பானைக்கு மூடியாகக் கிடந்த பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தறியில் மிஞ்சிய கழிவு நூலை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைக்கத் துடைக்க, கறுப்புக்கு அடியிலிருந்து செங்காவி தெரிந்தது. அப்புறம் மஞ்சள். அப்புறம் கட்டங்கள், ஏணிகள், உச்சியில் கோபுரம் மாதிரி வைகுண்டம். பாம்புகள்தான் பாவம். ஒன்றுக்கு வால் மட்டும் இருந்தது. ஒன்றுக்கு வயிற்றுப் பகுதியையே காணோம். எல்லாவற்றையும்விடப் பெரிய பாம்புக்குத் தலை இல்லை.

அத்தை கல்யாணத்துக்கு முன்னால் டிராயிங் லோயர் பரீட்சை எழுதிப் பாஸானவள். ஹையரும் முடித்தால் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் ஆகலாம். அதற்குப் பணம் கட்டப்போகிற சமயத்தில்தான் ராயகிரிச் சம்பந்தம் வந்து முடிந்தது. இதெல்லாம் அவள் தகரப் பெட்டியைத் திறந்தபோது நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. சேலைகளுக்கு அடியில், பழைய துணியில் சுருட்டி, அவளுடைய பிரஷ்கள் இருந்தன. ஜன்னலுக்கு அடித்துவிட்டு மிஞ்சிய எனாமல் பெயின்ட் வீட்டில் இருந்தது. அதை வைத்து வாலுக்கு உடம்பும் உடம்புக்கு வாலும் வரைந்தாள். பெரிய பாம்புக்குத் தலை வரைந்து, கண் திறந்து, கடைசியில் மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மாதிரி ஒரு மீசையும் இழுத்தாள்.

"பாம்புக்கு மீச உண்டா அத்தை?"

"ராயகிரிப் பக்கம் உண்டு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் வந்த பிறகு சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

அந்தப் பலகையில் நாங்கள் ஒரு வாரம்கூட முழுதாக ஆடியிருக்க மாட்டோம். ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர் ஒருவர், இடிக்கிற வீடுகளில் கதவு, தூண், பித்தளைப் பானை என்று வாங்கி மெட்ராஸ்காரர்களுக்கு விற்பார். எந்த நேரமும் காதில் ஒரு பென்சில் இருக்கும். உடைந்த குத்துவிளக்கு ஒன்றை விலை பேச எங்கள் வீட்டுக்கு வந்தவர், தரையில் கிடந்த பலகையைப் பார்த்ததும் விளக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது ஒமக்கு எதுக்கு? புள்ளைகளுக்கு வேற வாங்கிக் குடுத்தாப் போச்சு."

அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அம்மா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பிரஷர் குக்கர் அந்த வாரமே வீட்டுக்கு வந்தது. நான் அழுது உருண்டேன். அத்தை பிரஷைக் கழுவிக்கொண்டே, "எந்திரி மக்கா. இன்னொண்ணு வரைஞ்சுக்கிடலாம்" என்றாள்.

பத்துப் பதினைந்து நாளில் கடைக்காரர் அதே பலகையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்ப வந்தார். வந்ததும் முன்கதவைச் சாத்தினார். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வெயில்ல எடுத்து வச்சேன். பெயின்ட் வாடை அடிக்கு. இந்தப் பாம்பையெல்லாம் எப்பம் வரைஞ்சது? யாரு வரைஞ்சது?"

"நான்தான். போன மாசம்" என்றாள் அத்தை.

அவர் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்டை போடப்போகிறார் என்று நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ சிரித்தார்.

"மூக்கு கண்டுபுடிச்சிது தாயி. கண்ணு கண்டுபுடிக்கல. நான் பலகை தாரேன். முழுசா வரைஞ்சு குடுப்பியா?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. இடித்த வீடுகளின் கதவுப் பலகைகளை அவர் கொண்டுவந்து போடுவார். எனாமல் கூடாது, பொடி வர்ணத்தைப் பசையில் குழைத்துத்தான் தீட்ட வேண்டும் என்றார். மீசையும் கூடாது. "பாம்புக்கு மீச வச்சா ஒருத்தனும் நம்ப மாட்டான்." வரைந்து முடித்ததைப் பழசாக்கும் வித்தையும் அவரே சொன்னதுதான். தேயிலைத் தண்ணீரைப் பூசிக் காயவைக்க வேண்டும். தேங்காய் மட்டையில் புகை போட்டு அதன் மேல் தொங்கவிட வேண்டும். பிறகு ஆமணக்கெண்ணெய்த் துணியால் தேய்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை தன் இஷ்டப்படி செய்தாள். உப்புத்தாளால் தேய்த்து விடு என்று அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. "ஆடித் தேஞ்சா அது வேற மாதிரி இருக்கும்" என்று, புகை போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பலகையிலும் எங்களை ஆடவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சாயங்காலமானால் தெருப்பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான். ஆனி மாதக் காற்று வாசலில் மண்ணை வாரி இறைக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, புளியங்கொட்டையும் சோழியும் காய்களாக வைத்து ஆடுவோம். ஒருநாள் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "எனக்கு ஒரு காய் போடு" என்று உட்கார்ந்தாள். அம்மா உட்கார்ந்து விளையாடி நான் அதுவரை பார்த்ததில்லை. கள்ளாட்டமும் ஆடினாள்.

அப்பாவும் மாறினார். ராயகிரிக்குக் கடிதம் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "இங்கனயே கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவட்டும்" என்றார். தங்கை மேல் பாசம் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். கடைக்காரர் கொடுக்கிற காசு அப்பா கைக்குத்தான் போகிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. தறி ஓடினால் வீடு ஓடும் என்பது ஒன்றைத் தவிர வேறெதையும் நினைத்துப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

ஆடி பிறந்திருந்தது. முடித்துவைத்த பலகையை எடுத்துப்போகக் கடையிலிருந்து ஆள் வரவில்லை என்று, அத்தை அதைப் பழைய போர்வையில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். கடைக்குள் புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாடையும் பழைய மர வாடையும் கலந்து அடித்தன. மெட்ராஸிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஒரு நாற்காலிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். நாற்காலியில் அத்தையின் பலகை சாய்த்து வைத்திருந்தது. ஏணிப் படிகளில் நான் தேயிலைத் தண்ணீரைச் சிந்திய கறைகூட அப்படியே இருந்தது.

கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு ஜமீன் அரண்மனையில கெடந்தது சார். அரண்மனைக்கு வரையதுக்குன்னே ஒரு ஆளு வச்சிருந்தாங்க. பாம்பு உடம்பப் பாருங்க, என்ன ஓட்டம்! வரைஞ்ச ஆளும் போய்ச் சேந்துட்டான், வம்சமும் போச்சு. இனிமே இப்பிடி ஒண்ணு வரையதுக்கு ஆளு கெடையாது."

"பாவம்" என்றார் அந்த அம்மாள்.

அத்தை போர்வை மூட்டையை இறக்கி வைத்தாள். வழக்கமான அதே மெதுவான குரலில், "நான் போகலம்மா. இங்கனதான் நிக்கேன். இது நான் வரைஞ்சது" என்றாள்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெட்ராஸ்காரர் புருவத்தைத் தூக்கிக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"கடையத் தொடைக்க வர்ற புள்ள சார். இப்பிடித்தான் எதையாவது சொல்லிக்கிட்டு இருக்கும், பாவம்."

அந்த அம்மாள் அத்தையைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அதுதான் அத்தைக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் பலகையை வாங்கிக்கொண்டார்கள். அத்தை கொண்டுவந்த மூட்டையைத் திரும்பத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கடைக்காரர் பின்னாலேயே வந்து, "ஏம்மா, ஏ தாயி" என்று கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை. எதிர்க்காற்றில் போர்வை படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, கரண்ட் போன ஒரு மத்தியானம், அப்பா ஆரம்பித்தார். கடைக்காரர் வந்து எல்லாம் சொல்லியிருந்தார்.

"ஒனக்கு என்னட்டி கேடு? பழசுன்னா பழசுன்னு இருந்துட்டுப் போவுது. வாங்குதவன் சந்தோசமா வாங்குதான், விக்கவன் சந்தோசமா விக்கான். நடுவுல நீ எதுக்கு?"

"பழசுன்னு சொல்லட்டும் அண்ணே, அது அவரு பாடு. வரைஞ்ச ஆளு செத்துப்போயிட்டான்னு சொல்லுதாரு. நான் பலகையத் தூக்கிக்கிட்டு முன்னாலயே நிக்கேன்."

"அவன் சொன்னா நீ செத்தா போயிருவ?"

"ராயகிரியில செத்தவ மாதிரிதான் இருந்தேன். இங்க வந்துமா இருக்கணும்?"

அப்பாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "அப்பம் மாப்ளைக்குச் சொல்லி விடுதேன். தபசுக்கு வந்து கூட்டிட்டுப் போவட்டும். அம்பாளே ஒத்தக் கால்ல தபசு நின்னுதான் புருசனப் பாத்தா. நீ என்ன அவளுக்கும் மேலயா?"

"அம்பாள் பாக்கணும்னு தபசு நின்னா. நான் பாக்கக்கூடாதுன்னு நிக்கேன்."

அடுக்களையில் அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அதற்குப் பின்னால் வந்தது சிரிப்புச் சத்தம் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

அன்றைக்கே அத்தை வேலையைத் தொடங்கினாள். தேயிலைக் கடைகளில் வந்திறங்கும் பிளைவுட் பெட்டிகள் உண்டே, அவற்றை வாங்கிவந்தது அம்மா. ஆணி பிடுங்கியதும் அம்மாதான், அப்பா இல்லாத நேரத்தில் அவருடைய குறடை எடுத்து. "தபசுக்கு ஊரே வரும். தெருவுல போட்டு விப்போம்" என்றாள் அத்தை. அம்மா ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "வெயிலுக்கு என்னத்த விரிக்க?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தத் தடவை எனாமல் பெயின்ட்தான். பளீரென்ற மஞ்சள், ரத்தச் சிவப்பு, இலைப் பச்சை. புகையும் கிடையாது, தேயிலைத் தண்ணீரும் கிடையாது. பெரிய பாம்புக்கு மீசை திரும்ப வந்துவிட்டது. ஒவ்வொரு பலகையின் அடியிலும் 'வரைந்தது' என்று போட்டுத் தன் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் தெளிவாக எழுதினாள். வீடு முழுக்கப் புது பெயின்ட் வாடை. சோற்றில்கூட அந்த வாடைதான். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி தறிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

தபசன்று காலையிலேயே பலகைகளை அடுக்கிக் கட்டி, பாதியை அத்தையும் பாதியை அம்மாவும் தலையில் தூக்கிக்கொண்டார்கள். நான் பாயைத் தூக்கிக்கொண்டேன். தெற்கு ரத வீதியில் வளையல் கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவில் இடம் கிடைத்தது. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். குடும்பத்துப் பெண்கள் தெருவில் சாமான் விரிப்பது அப்போது எங்களுக்குள் வழக்கம் இல்லை. அம்மாவின் காது சிவந்திருந்தது. ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் வரை ஒன்றும் விற்கவில்லை. "சாமி படம் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். கோலம் போடுகிற அச்சா என்று ஒரு பெண் கேட்டாள். அம்பாள் சப்பரம் தபசு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இனிச் சாயங்காலம் சுவாமி வந்து காட்சி கொடுக்கிற வரைக்கும் கூட்டம் காத்திருக்க வேண்டியதுதான். கரிசல் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்த பெண்கள், சாமி மேல் வீசுவதற்குப் பருத்தியும் மிளகாய் வத்தலும் கட்டிய பைகளை மடியில் வைத்துக்கொண்டு, நிழல் கிடைத்த இடத்தில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை ஒரு பலகையை எடுத்துப் பாயின் நடுவில் போட்டாள்.

"சும்மாதான இருக்கிய? ஒரு ஆட்டம் போடுங்க. காசு ஒண்ணும் வேண்டாம்."

திருவேங்கடத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி, காது நிறையப் பாம்படம் போட்டவள், முதலில் வந்து உட்கார்ந்தாள். "மீசக்காரப் பாம்பா இருக்கு! இது யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டாள். சுற்றிலும் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் நாலு பலகைகளில் ஆட்டம் நடந்தது. மடியிலிருந்த வத்தலையே காய்களாக வைத்தார்கள். ஆடி முடித்தவர்கள் விலை கேட்டார்கள். அம்மா விலை சொன்னாள். பேரம் பேசுவதில் அம்மாவை யாரும் அசைக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் அப்பாவும் ராயகிரி மாமாவும் வந்தார்கள். மாமா வெள்ளை வேட்டியும் மல்லிகைப்பூப் பொட்டலமுமாக இருந்தார். மீசை எண்ணெய் தடவி முறுக்கியிருந்தது.

"என்ன கோலம் இது? தெருவுல உக்காந்து மானத்த வாங்குதியா? எந்திரி, வீட்டுக்குப் போவோம்" என்றார் மாமா.

"நான் வரல."

"ஏட்டி, சபையில வச்சு அசிங்கப்படுத்தாத" என்றார் அப்பா. "மாப்ள வந்து கூப்புடுதாருல்லா?"

அத்தை எழுந்து நின்றாள். இடது கையை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது கெணத்தடியில வழுக்கி விழுந்து ஆனதில்ல. கதவிடுக்குல வச்சுச் சாத்துனாரு. அன்னைக்குச் சோத்துல உப்பு கூடிப்போச்சுன்னு."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தையின் விரலை எட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் உதடு அசைந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே..."

"சொன்னேன் அண்ணே. போன தீபாவளிக்கு வந்தப்பமும் சொன்னேன். கரண்ட் போன நேரம் பாத்துதான் சொன்னேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா, "பொய் சொல்லுதா மச்சான்" என்று கத்திக்கொண்டே ஒரு எட்டு எடுத்து வைத்தார். செருப்புக் கால் பாய் மேல் வந்தது. பாம்படக்காரி அவர் காலுக்கு முன்னால் கையை ஊன்றினாள்.

"மிதிக்காதீரும் வே. என் காய் வைகுண்டத்துக்குப் பக்கத்துல நிக்கு."

மாமா கீழே பார்த்தார். பலகையிலிருந்து பாம்பு அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பிள்ளை பாம்பையும் பார்த்து, அவரையும் பார்த்து, "யம்மா, இவருதான்" என்றது. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு பாயே சிரித்தது. மாமாவின் கை அவரையறியாமல் மீசைக்குப் போனது. பூப்பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா மட்டும் அங்கேயே நின்றார். அம்மா தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "சாவி மாடத்துல இருக்கு. நாங்க வர நேரமாகும்" என்றாள். அப்பா திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் மேளம் கேட்டது. எல்லாரும் காய்களை வாரிக்கொண்டு எழுந்து மண்டபத்தைப் பார்க்க ஓடினார்கள். பருத்தியும் வத்தலும் வானத்தில் பறந்தன. பாம்படக்காரி ஒரு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அத்தை அதற்கப்புறம் ஹையர் எழுதியதும், டிராயிங் டீச்சராகித் திருவேங்கடத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்ததும், ரிட்டயர் ஆனதும் எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பழைய சாமான் கடைக்காரர் அடுத்த வருஷமும் வந்து கேட்டுப் பார்த்தார். "நான் உசுரோட இருக்கேன்னு சொல்லி விக்கதுன்னா தாரேன்" என்றாள் அத்தை. அவரால் முடியவில்லை, போய்விட்டார். இதெல்லாம் நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். தபசு முடிந்து சில நாளில் நடந்ததைப் பார்த்தவர்களில் இப்போது இருப்பது நானும் அத்தையும்தான்.

ராயகிரியிலிருந்து ஒரு வேன் வந்தது. மாமாவின் சித்தப்பாவும் பெரியவர்கள் சிலரும் வெற்றிலை, பழம் வைத்த தட்டோடு இறங்கினார்கள். கரண்ட் இல்லை. அத்தை முன்கட்டில் உட்கார்ந்து பலகை வரைந்துகொண்டிருந்தாள். தபசன்று மண்டபத்துப் பக்கம் பார்த்தவர்கள் சிலர் வீடு தேடி வந்து பலகை கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. வாங்க என்று மட்டும் சொன்னாள்.

பெரியவர்கள் அப்பாவிடம்தான் பேசினார்கள். குடும்பம் என்றால் நாலும் இருக்கும், ஆம்பிளை கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பெண்பிள்ளைதான் அனுசரித்துப் போகவேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில் மாமாவின் சித்தப்பா, "நீரு அண்ணன்லா? அவ கையப் புடிச்சு வேன்ல ஏத்திவிடும். வந்துருவா" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். அவருக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை. அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

"அவ கை வேலையா இருக்கு அண்ணாச்சி. நீங்க காப்பி குடிச்சிட்டுப் பொறப்படுங்க."

யாரும் காப்பி குடிக்கவில்லை. வேன் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் அப்பா வாசலில் நின்றார். உள்ளே வந்தவர், அத்தைக்குக் கொஞ்சம் தள்ளி, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தை டப்பாவைச் சாய்த்துப் பிரஷால் அடியைச் சுரண்டினாள்.

"மைனி, பச்ச தீந்துபோச்சு. புள்ளைய அனுப்பி வாங்கணும்."

அம்மா என்னைக் கூப்பிடுவதற்குள் அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "எந்தப் பச்ச?" என்று கேட்டார்.

"இலைப் பச்ச அண்ணே."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் வாங்கிவந்தது வேறு பச்சை, பாசி மாதிரி இருண்ட பச்சை. அத்தை மூடியைத் திறந்து பார்த்தாள். பிரஷை அதில் தோய்த்து, விட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்கினாள்.